கேட்பவர் சொல்லும் குறையும் நம் மெட்டும்: நான் செய்த, நீங்கள் தவிர்க்கக்கூடிய தவறுகள்

ஹம்சத்வனியில் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டேன். ஒரு குடும்பம் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுப் புது வீட்டுக்குப் போகிறது. அதுதான் பாட்டின் கதை. மங்கலமான ராகம், மங்கலமான சந்தர்ப்பம். சரணத்தின் மூன்றாவது அடியில் மட்டும், சாவியைப் பூட்டிலிருந்து எடுத்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் சுத்த மத்யமம், அதாவது 'ம' என்ற சுரம், வைத்தேன். ஹம்சத்வனியில் மத்யமமே கிடையாது. தெரிந்துதான் வைத்தேன்.

மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினேன். முறையாகப் பாட்டுக் கற்ற நண்பன், "டேய், அது அந்நிய ஸ்வரம். தூக்கிடு" என்றான். தங்கையின் கணவருக்கு ராகமெல்லாம் தெரியாது. அவர், "அந்த எடத்துல கை தவறி வாசிச்சிட்டீங்களா மச்சான்?" என்று கேட்டார். அம்மா எதுவுமே சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அடுக்களையில் அந்த அடியை முணுமுணுத்தபோது மத்யமத்தைத் தொடாமல் அதற்கு முந்தைய சுரமான காந்தாரத்திலேயே நின்றுவிட்டார்.

மூன்று பேரும் ஒரே இடத்தைக் காட்டுகிறார்களே என்று சுரத்தை எடுத்துவிட்டேன். பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. யாருக்கும் குறை இல்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஒரு மாதம் கழித்து நானே கேட்டபோது அதில் வீடு மாறுகிற சந்தோஷம் மட்டும் இருந்தது. திரும்பிப் பார்க்கிற அந்தக் கணம் போயிருந்தது. அந்தக் கணத்துக்காகத்தான் பாட்டையே தொடங்கியிருந்தேன்.

மறுபடி உட்கார்ந்து, அந்த மத்யமம் ஏன் பிழை மாதிரிக் கேட்டது என்று தேடினேன். காரணம் எளிமையாக இருந்தது. அது ஒரு குறில் எழுத்தில், அரை அட்சரத்தில் (தாளத்தின் ஒரு எண்ணிக்கையில் பாதி) வந்து போய்விட்டது. பழகாத சுரம் ஓடுகிற ஓட்டத்தில் வந்தால் காது அதைத் தடுமாற்றம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வரியை எழுதியவரிடம் சொல்லி அங்கே நெடில் விழும்படி ஒரு சொல்லை மாற்றினோம். சுரம் இரண்டு அட்சரம் நின்றது. அதற்கு முந்தைய இடையிசையில் புல்லாங்குழல் அதே மத்யமத்தை ஒருமுறை மெல்லத் தொட்டுவிட்டுப் போகும்படி வைத்தேன். ஒருமுறை வந்தால் தவறு என்று தோன்றுவது, இரண்டாம் முறை வரும்போது எண்ணித்தான் செய்திருக்கிறார் என்று தோன்றும். நண்பனிடம் மீண்டும் போட்டேன். "இந்த மத்யமம் எங்கேர்ந்துடா வந்துச்சு?" என்று அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை ஓட்டிக் கேட்டான். அம்மா இன்றும் காந்தாரத்தில்தான் நிற்கிறார்.

மூன்று பேரும் காட்டிய இடம் சரி. அவர்கள் சொன்ன வைத்தியம்தான் சரியில்லை. மெட்டுப் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது என்று நினைக்கிறேன். ஒருவர் "இங்கே எனக்குக் கவனம் விட்டுப்போச்சு" என்று சொன்னால் அது அவருக்கு நடந்த ஒன்று. அதை மறுக்க நமக்கு உரிமை இல்லை. "அதனால் இதை இப்படி மாற்று" என்பது அவருடைய ஊகம். அதை ஏற்க நமக்குக் கட்டாயம் இல்லை.

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் எஃப் மைனர் பியானோ குவின்டெட் (ஐந்து வாத்தியங்களுக்கான படைப்பு) இப்படி உருவானதுதான். 1862இல் அதை அவர் ஐந்து தந்தி வாத்தியங்களுக்கு எழுதினார், இரண்டு செல்லோவுடன். வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிம் வாசித்துப் பார்த்துவிட்டு ஒலியில் இனிமை போதவில்லை என்றார். பிராம்ஸ் அதை இரண்டு பியானோக்களுக்கு மாற்றி எழுதினார். இப்போது பியானோ கலைஞர் கிளாரா ஷூமன், இதற்கு ஆர்கெஸ்ட்ராவே வேண்டும் என்றார். அவர் சொன்னபடி பிராம்ஸ் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகவில்லை. ஒரு பியானோவையும் நான்கு தந்தி வாத்தியங்களையும் சேர்த்தார். 1865இல் அச்சான அந்த வடிவத்தைத்தான் இன்று உலகம் வாசிக்கிறது. தந்திகளில் அடியின் வலு போதவில்லை, பியானோவில் நீண்டு நிற்கும் ஒலி இல்லை. இரண்டு குறைகளும் உண்மை. இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் வழியைக் கண்டது மெட்டை உள்ளிருந்து அறிந்தவரின் வேலை.

"எப்படி இருக்கு?" என்று கேட்பது

இந்தக் கேள்விக்கு "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் வராது. முகத்துக்கு நேரே வேறு சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. கேட்பதை விடப் பார்ப்பது மேல். எந்த நொடியில் அவர் கை கைப்பேசிக்குப் போகிறது, எங்கே தலை ஆடுவது நிற்கிறது என்று கவனியுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு பேரிடம் போட்டு, மூன்று பேருக்கு இரண்டாவது இடையிசையில் கவனம் சிதறினால் அங்கே ஏதோ இருக்கிறது.

அதைவிட நல்ல சோதனை மறுநாள் அவரைப் பாடச் சொல்வது. வரி தெரியாவிட்டால் தத்தகாரத்தில் முணுமுணுக்கட்டும். எந்த இடத்தில் அவர் உங்கள் மெட்டை மாற்றிப் பாடுகிறாரோ அந்த இடம் காதின் போக்குக்கு எதிராகப் போகிறது. எதிராகப் போவது குற்றமில்லை. ஆனால் அதை நீங்கள் அறிந்து செய்தீர்களா, கீபோர்டில் விரல் போன போக்கில் அமைந்துவிட்டதா என்று அப்போது தெரிந்துவிடும். விரல் போக்கில் வந்ததென்றால் நான் பெரும்பாலும் பாடியவர் பக்கமே போய்விடுகிறேன்.

இன்னொன்று, பாட்டைப் போடுவதற்கு முன் விளக்கம் சொல்லாதீர்கள். "இது ஒரு அப்பா மகளை நினைச்சுப் பாடறது" என்று சொல்லிவிட்டால், அவர் உங்கள் விளக்கத்தைத்தான் கேட்பார். பாட்டு தன்னால் எவ்வளவு சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

மெட்டின் மேல் பழி போடுவது

குறை மெட்டில்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் அடித்தட்டு ஒலி ஏறக்குறைய கேட்காது. தவிலும் பேஸும் தாங்கி நிற்கிற பாட்டை அதில் போட்டுக் காட்டினால் "சப்புன்னு இருக்கு" என்றுதான் வரும். இரண்டு வடிவங்களை ஒப்பிடச் சொல்லும்போது ஒன்று சற்று சத்தமாக இருந்தாலே போதும், அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒலியளவைச் சமம் செய்யாமல் கிடைத்த கருத்தை வைத்துக்கொண்டு ஒரு முறை முழு இடையிசையையே மாற்றினேன். அளவைச் சமமாக்கிக் கேட்டபோது பழையதே நன்றாக இருந்தது.

இதில் பெரிதாக அடிபட்டவர் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவ். அவருடைய முதல் சிம்பொனி 1897இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. ஒத்திகை போதவில்லை, கிளாசுனோவ் இசைக்குழுவை நடத்திய விதமும் சரியாக அமையவில்லை, விமர்சனங்கள் கொடூரமாக இருந்தன. இருபத்து நான்கு வயதைத் தொடவிருந்தவர் அதன்பின் ஏறக்குறைய மூன்று வருடம் எழுத முடியாமல் கிடந்தார். மருத்துவர் நிகலாய் தாலின் சிகிச்சைக்குப் பிறகுதான் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ (பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமான படைப்பு) பிறந்தது. அதை அந்த மருத்துவருக்கே சமர்ப்பித்தார். அந்த சிம்பொனியோ ராக்மானினோவின் வாழ்நாளில் மறுபடி வாசிக்கப்படவே இல்லை. அவர் இறந்தபின் 1945இல் மாஸ்கோவில் வாசித்தார்கள், அதன்பின் அது உலக மேடைகளுக்கு வந்தது. ஒரே ஒரு மாலையை வைத்து முடிவு கட்டப்பட்ட படைப்பு அது. நம் டெமோவும் பல நேரம் அந்த மாலை மாதிரிதான்: தொண்டை கட்டிய பாடகர், அவசர மிக்ஸ், பேருந்து இரைச்சலுக்கு நடுவே ஒரு இயர்போன்.

எல்லார் காதையும் ஒரே காதாக எண்ணுவது

பாடுகிறவர் "இந்த எடத்துல மூச்சு விட எடம் இல்லை" என்றால் நான் விவாதிப்பதே இல்லை, அன்றைக்கே மாற்றிவிடுவேன். அவர் உடம்பு சொல்கிற குறை அது. மிருதங்கக்காரர் தாளம் இழுக்கிறது என்றாலும் அப்படியே. பாடலாசிரியர், சந்தத்துக்காகச் சொல் நசுங்குகிறது என்று சொன்னால் கவனமாகக் கேட்பேன். ஆனால் அதே மிருதங்கக்காரர் "பல்லவி சோகமா இருக்கு" என்றால் அது இன்னொரு ரசிகரின் கருத்து மட்டுமே.

கோபாலகிருஷ்ண பாரதியாருக்கு நேர்ந்ததை உ.வே.சா. எழுதியிருக்கிறார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளுக்கு ஒரு சிறப்புப் பாயிரம் (நூலைப் பாராட்டும் முன்னுரைச் செய்யுள்) வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பலமுறை போனார். பாட்டுகளில் இலக்கண வழுக்கள் இருந்ததால் பிள்ளைக்கு மனமில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருநாள் பாரதியார் பாடவே, கேட்ட பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார். பிள்ளை சொன்ன குறை பொய்யில்லை; அந்த வழுக்கள் அங்கே இருந்தன. ஏட்டில் படித்தபோது அது இலக்கியம், காதில் விழுந்தபோது இசை. பாரதியார் பேச்சு வழக்கைத் துடைத்து எடுத்து இலக்கணச் சுத்தமாக்கியிருந்தால் அந்தப் பாட்டுகள் பாமரர் வாயில் ஏறியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பிடிவாதத்தைத் தன்மானம் என்று நினைப்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, அப்படியானால் யார் சொன்னாலும் மாற்ற வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி 1874 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் முதல் பியானோ கான்செர்ட்டோவை பியானோ கலைஞர் நிகலாய் ரூபின்ஸ்டீனுக்கு வாசித்துக் காட்டினார். ரூபின்ஸ்டீன் அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். ஒரு சுரத்தையும் மாற்றமாட்டேன் என்று சொல்லி சாய்கோவ்ஸ்கி கிளம்பினார். அடுத்த ஆண்டு இன்னொரு பியானோ கலைஞர் ஹான்ஸ் ஃபான் புலோ அதைப் பாஸ்டனில் வாசித்தார், வெற்றி. கதையைப் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் 1879இலும் 1888இலும் சாய்கோவ்ஸ்கி அதைத் திருத்தினார். முதல் வடிவத்தின் தொடக்கத்தில் பியானோ சுரங்களைச் சிதறவிட்டு வாசிக்கும். இன்று நமக்குத் தெரிந்த, மலை போல எழும்பும் அந்தக் கனத்த அடிகள் பின்னால் வந்தவை. வசவு விழுந்த அன்று மாற்றவில்லை, சூடு ஆறி, பியானோ கலைஞர்கள் வாசித்துப் பழகிய பிறகு மாற்றினார். பின்னாளில் ரூபின்ஸ்டீனே அதை மேடையேற்றினார்.

இதைப் பார்த்துத்தான் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கருத்துக் கேட்ட அன்று கோப்பைத் திறப்பதில்லை. ஒரு வாரம் போகட்டும். ஒரு வாரம் கழித்தும் அந்தக் குறை என் காதிலேயே உறுத்தினால் அது இப்போது என் குறை.

அப்படி மாற்றும்போது பழையதை அழிக்காதீர்கள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் புரூக்னரின் மூன்றாம் சிம்பொனி 1877இல் வியன்னாவில் அரங்கேறியபோது பெரும்பாலானோர் எழுந்து போய்விட்டார்கள். நண்பர்கள் சொன்னார்கள் என்று அவர் வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருந்தார். ஆனாலும் கையெழுத்துப் பிரதிகளை வியன்னா அரசவை நூலகத்துக்கு உயில் எழுதிவைத்தார். அதனால்தான் இன்று இசைக்குழுக்களால் எந்த வடிவம் வேண்டுமோ அதை எடுத்து வாசிக்க முடிகிறது. நமக்கு இன்னும் எளிது. தேதியைப் பெயராகப் போட்டு இன்னொரு கோப்பாகச் சேமித்தால் போதும்.

மேடைக்கும் தாளுக்கும் வேறுபாடு பார்க்காதது

கச்சேரியில் கூட்டம் கேன்டீன் பக்கம் நகரத் தொடங்கினால் பாடகர், ராக ஆலாபனைக்கும் பல்லவிக்கும் நடுவே வருகிற தானத்தைச் சுருக்கிக்கொண்டு பல்லவிக்கு வந்துவிடுவார். அது சரியான முடிவு. அன்றைய அரங்கு, அன்றைய பசி. அதற்காக அடுத்த நாள் முதல் தானமே இல்லாமல் பாட ஆரம்பித்தால் அது வேறு விஷயம். நம்மில் பலர் ஒரு நிகழ்ச்சியில் கைத்தட்டல் குறைந்தது என்பதற்காகப் பாட்டின் அமைப்பையே வெட்டிவிடுகிறோம். நீளத்தைச் சுருக்கலாம், வேகத்தைக் கூட்டலாம், பாட்டின் வரிசையை மாற்றலாம். எழுதியதை அந்த இரவிலேயே தொட வேண்டாம்.

முன்பு சொன்ன ராக்மானினோவ் 1931இல் பியானோவுக்காக ஒரு கரு எடுத்து, அதன்மேல் இருபது மாற்றுருவங்கள் எழுதினார். அதை ஊர் ஊராக வாசித்தபோது அரங்கின் இருமலை வைத்து அளவு பார்த்ததாக, சக இசையமைப்பாளர் மெத்னருக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இருமல் அதிகமானால் அடுத்த மாற்றுருவத்தை விட்டுவிடுவார். ஒரு சிற்றூரில் இருமல் தாங்காமல் பத்தோடு முடித்தாராம். நியூயார்க்கில்தான் அதிகம், பதினெட்டு. அச்சுப் பிரதியில் இருபதும் இருக்கின்றன.