நிப்பரும் கத்தியும் செய்யும் சேதம்: பிளாஸ்டிக் மாடல் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெட்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தால், பலரும் உடனே இன்னும் விலை உயர்ந்த நிப்பரைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு விலையில் இல்லை. நிப்பர் என்பது பார்ட்டுகளை வெட்டியெடுக்கும் சின்ன வெட்டுக் குறடு. நிப்பரும் கத்தியும் ஆப்பு போல வேலை செய்பவை. பிளாஸ்டிக்கை அவை வெளியே எடுப்பதில்லை, பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளுகின்றன. ரம்பமும், கோடு கீறும் கருவியான ஸ்க்ரைபரும் அப்படியல்ல; துகளாகவோ சுருளாகவோ பிளாஸ்டிக்கைச் சுரண்டி வெளியே எடுத்துவிடும். எந்தப் பக்கம் ஒதுங்க இடமிருக்கிறது என்று பார்க்காமல் வெட்டுவதால்தான் முக்கால்வாசிச் சேதம் வருகிறது.

ஒரே வெட்டில் ஒட்ட வெட்டுவது

ரன்னர் என்பது பார்ட்டுகளைத் தாங்கும் சட்டம். பார்ட்டைச் சட்டத்தோடு இணைக்கும் சின்னக் கழுத்துதான் கேட். பார்ட் இன்னும் ரன்னரில் மாட்டியிருக்கும்போதே கேட்டை ஒட்ட வெட்டினால், பிளேடின் தடிமன் அளவுக்குப் பிளாஸ்டிக் விலகியாக வேண்டும். ஒருபக்கம் அசையாத சட்டம், மறுபக்கம் பார்ட். அழுத்தம் முழுவதும் பார்ட்டுக்குள் போகிறது. மாடல் பார்ட்டுகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனில் அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அழுத்தம் இன்னும் கூடினால் கேட் பார்ட்டின் உடலிலிருந்தே கொஞ்சத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். பார்ட்டில் பள்ளம் நின்றுவிடும்.

அதனால் இரண்டு வெட்டு. முதல் வெட்டில் 2 முதல் 3 மி.மீ. கேட்டைப் பார்ட்டோடு விட்டு, சட்டத்திலிருந்து பிரித்துவிடுங்கள். இரண்டாவது வெட்டில் சுமார் அரை மி.மீ. மிச்சம் வையுங்கள். இப்போது வெட்டுப்படும் துண்டு எதிலும் மாட்டியிருக்கவில்லை. ஆகவே அழுத்தம் அதைத்தான் தள்ளும், பார்ட்டை அல்ல. நிப்பரின் தட்டையான முகம் எப்போதும் பார்ட் பக்கம் இருக்க வேண்டும், சரிந்த முகம் ரன்னர் பக்கம். திருப்பிப் பிடித்தால் கேட் கூம்பாக நிற்கும், தழும்பும் பெரிதாகும். மிச்சமிருக்கும் அரை மி.மீ.யை நிப்பரால் தொடாதீர்கள். கத்தியால் மெல்லிய சீவலாக இரண்டு மூன்று தடவை சீவி, 600, 800, 1000 எண் உப்புத்தாள்களில் வரிசையாகத் தேய்த்து முடியுங்கள். பெயின்ட் அடிக்கப்போகும் மாடலில் லேசான வெண்மை மறைந்துவிடும். பெயின்ட் இல்லாமல் கட்டும் கன்டம் ரோபோ கிட்டில்தான் அது காலம் முழுக்கக் கண்ணை உறுத்தும்.

மெல்லிய நீளப் பார்ட்டுகளுக்கு இதுவும் போதாது. 1/72 அளவு விமான மாடலின் பிட்டோ குழாயை, அதாவது வேகம் அளக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனையிலும் கேட், சுற்றிலும் விறைப்பான சட்டம். ஒரு கேட்டை வெட்டியதும் சட்டத்தில் அடைபட்டிருந்த இறுக்கம் குழாயின் மீது பாய்ந்து, நடுவில் ஒடிந்துவிடும். முதலில் சட்டத்தையே குழாயிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடத்தில் வெட்டித் தளர்த்துங்கள். கேட்டின் பக்கம் அதற்குப் பிறகுதான் போக வேண்டும். அங்கேயும் மெல்லிய ரம்பம் நிப்பரைவிடப் பத்திரம்.

எல்லாவற்றுக்கும் ஒரே நிப்பர்

எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஃப்ளஷ் கட்டர் செப்புக் கம்பிக்கானது. முதல் வெட்டுக்குத் தாராளமாகப் போதும், இரண்டாவது வெட்டுக்கு அதன் பிளேடு தடிமனாக இருக்கும். காட்ஹேண்ட் போன்ற ஒற்றைப் பிளேடு நிப்பரில் ஒரு பக்கம் மட்டுமே கூர், மறுபக்கம் பார்ட்டைத் தாங்கிப் பிடிக்கும் தட்டை. வெட்டு அபாரமாக விழும். ஆனால் அந்தப் பிளேடு மிக மெல்லியது. தடித்த ரன்னரை அதில் வெட்டுவது, பாதி வெட்டில் மணிக்கட்டைத் திருகுவது, நுனியால் எதையாவது நெம்புவது, இந்த மூன்றில் ஒன்று போதும், பிளேடு முறிய. முதல் நிப்பராக அதை வாங்கச் சொல்லவே மாட்டோம். டமியாவின் கூர்முனை நிப்பர் மாதிரி இரட்டைப் பிளேடு ஒன்றில் கை பழகட்டும். பிறகு ஒற்றைப் பிளேடு வாங்கினால் இரண்டாவது வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை ஃபோட்டோ எட்ச் (மெல்லிய தகட்டில் அரித்தெடுத்த நுண்பாகங்கள்), கம்பி, காந்தம் எதையும் பிளாஸ்டிக் நிப்பரில் வெட்டக் கூடாது. ஒரே வெட்டில் விளிம்பில் பொடிப் பல் விழும். அதற்குப் பிறகு வெட்டும் ஒவ்வொரு கேட்டிலும் அதே இடத்தில் ஒரு கீறல் தெரியும். பிளேடுகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இடைவெளி இருந்தால் தெரிந்துவிடும்.

ஒளிபுகும் பார்ட்டுகள், அதாவது விமானத்தின் மேற்கூரை, விளக்குகள், சாதாரணப் பார்ட்டுகளைவிட எளிதில் நொறுங்கும். விரிசல் உள்ளே ஓடினால் அதை மறைக்க வழியே இல்லை. தாராளமாகக் கேட்டை விட்டு ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளில் மட்டும் தேயுங்கள். ரெசின் பார்ட்டுகளோடு ஒட்டி வரும் வார்ப்புக் கட்டைகளுக்கும் ரம்பம்தான். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. என்95 முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டு அறுங்கள்.

கத்தியில் நடப்பவை

மழுங்கிய பிளேடை ஓட்டுவதுதான் பெரிய தவறு. கூர் போனதும் கை தானாகவே அழுத்தம் கூட்டும், பிளேடு சட்டென்று வழுக்கும், மறுகையின் கட்டைவிரல் அங்கேதான் இருக்கும். பிளேடு நகரும் பாதையில் விரல் வைக்காதீர்கள். மேசையில் உருளும் கத்தியைப் பிடிக்கப் பாயாதீர்கள், விழட்டும். வட்டமான கைப்பிடியில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் உருளாது.

11ஆம் எண் பிளேடு என்றதும் எல்லாம் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். எக்ஸாக்டோ வகை 11 தடிமனும் விறைப்பும் கூடியது. அறுவைக் கத்தியின் 11 மெலிதாக வளையும். சீவலுக்கு அருமை, நெம்பினால் நுனி முறிந்து பறக்கும். ஒன்றின் கைப்பிடியில் மற்றது பொருந்தாது. ஸ்வான்-மார்ட்டன் வாங்கினால் 11ஆம் எண் பிளேடுக்கு 3ஆம் எண் கைப்பிடி. 4ஆம் எண் 20 வரிசைப் பெரிய பிளேடுகளுக்கானது. அறுவைக் கத்தி பிளேடை விரலால் கழற்றாதீர்கள், குறடு எதற்கு இருக்கிறது?

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் பார்ட்டில் எழும் அச்சுக்கோட்டைக் கூர்ப்பக்கத்தால் சீவினால் பிளேடு உள்ளே இறங்கிவிடும். பிளேடின் முதுகைப் பரப்புக்கு ஏறக்குறைய செங்குத்தாக வைத்துச் சுரண்டுங்கள். சுரண்டிய இடத்தில் சின்னச் சின்ன அலைகள் வந்தால் அழுத்தம் அதிகம். அழுத்தத்தைக் குறைத்து, திசையையும் கொஞ்சம் சாய்த்துச் சுரண்டினால் அடங்கும்.

தகடும் பேனல் கோடும்

கால் மி.மீ. பாலிஸ்டைரீன் தகட்டைக் கத்தியால் முழுக்க வெட்டலாம். 1 மி.மீ. தகட்டில் அப்படிச் செய்தால் விளிம்பு சரியும், வெட்டின் இருபுறமும் மேடு எழும்பும். எஃகு ஸ்கேல் வைத்து மூன்று நான்கு முறை லேசாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒடியுங்கள். அதைவிடத் தடிமனான தகட்டுக்கு ஓல்ஃபா பி-கட்டர் பொருத்தம். அது சுருளாகப் பிளாஸ்டிக்கைப் பெயர்த்தெடுப்பதால் மேடு வராது. பிளாஸ்டிக் ஸ்கேலை ஓரமாக வைத்தால் கத்தி அதன் மேல் ஏறி வழிமாறும்.

மாடலின் பரப்பில் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோட்டைக் கத்தியின் கூரால் ஆழப்படுத்தினாலும் இதே மேடுதான். ஸ்க்ரைபரை எடுங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்பில் கருவியின் எடை மட்டுமே போதும். வழிகாட்டியாக டைமோ டேப் (தடித்த பிளாஸ்டிக் லேபிள் டேப்) ஒட்டுங்கள். முதல் இழுப்பிலேயே அழுத்தினால் கருவி டேப்பைத் தாண்டி ஓடும், அந்தக் கீறலை நிரப்பித் தேய்ப்பதற்கு ஒரு மாலை போய்விடும். டங்ஸ்டன் கார்பைடு ஸ்க்ரைபர் தரையில் விழுந்தால் நுனி தப்புவது அபூர்வம்.

பலகையும் பராமரிப்பும்

கட்டிங் மேட் கத்திக்கு நல்லது, ஃபோட்டோ எட்ச்சுக்கு ஆகாது. அடியில் மென்மை இருப்பதால் பித்தளை அமுங்கி வளையும். ஒரு பீங்கான் ஓட்டின் மீது வைத்து, பழைய பிளேடால் நேராக அழுத்தி வெட்டுங்கள். கட்டிங் மேட் மீது சூடான எதையும் வைக்காதீர்கள், நெளிந்தால் திரும்பாது.

நிப்பரைத் துணியால் துடைத்து, கீலில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மூடி போட்டு வையுங்கள். சென்னை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் இதை விட்டால் மழைக்காலத்துக்குள் துரு பிடிக்கும். மெல்லிய பிளேடை வீட்டில் சாணை பிடித்தால் கோணம் போய்விடும். மழுங்கிய நிப்பரை ரன்னர் வெட்டும் வேலைக்கு இறக்கிவிடுங்கள். கழித்த பிளேடுகளை மூடியில் கீறல் போட்ட தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி, உள்ளே பிளேடு என்று எழுதிக் கொடுங்கள். குப்பை அள்ளுபவர் வெறுங்கையால்தான் எடுப்பார்.