ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால்: எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதம் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் யாராவது வேலையை விட்டுவிட்டு எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். வங்கிக்காரர், பள்ளி ஆசிரியர், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர் என்று ஆள் மாறும். தவறுகள் மட்டும் மாறுவதில்லை. ஒற்றுப்பிழை, கவிதைக்குக் கவிதை நிலா என்பதெல்லாம் எழுத எழுதத் தானாகச் சரியாகிவிடும். கையிருப்பும் மாதங்களும் கரைகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் ஒன்றல்ல

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியர் ராஜினாமா செய்தால், அதுவரை பார்த்த பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். 20 ஆண்டு தகுதியான பணி முடித்து, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் ஓய்வூதியம் உண்டு. பத்தொன்பதாவது வருஷத்தில் மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு கடிதத்தை நீட்டுகிறவருக்கு நாவல் எழுதுவதில் அப்படி என்ன அவசரமோ தெரியவில்லை.

தனியாரில் நிரந்தர வேலையென்றால் ஐந்தாண்டு நிரம்பியிருக்கிறதா பாருங்கள். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை அதற்குப் பிறகுதான். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாயும் 12 ஆண்டும் என்றால் 1,80,000 ரூபாய் வரும். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். கம்பெனி எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தப் பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதற்கான காத்திருப்புக் காலம் மூன்றாண்டு வரை போகும்.

கையிருப்பை ரூபாயில் எண்ணுவது

மாதத்தில் எண்ணுங்கள். வரவேண்டிய பணத்தையெல்லாம் கூட்டி, நகைக்கடனைக் கழித்து, மீதியை வீட்டுச் செலவால் வகுத்தால் இத்தனை மாதம் என்று வரும். வகுக்கும் முன் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, தங்கை வீட்டுச் சீர், ஊர்த் திருவிழா வரி ஆகியவற்றையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். இங்கே பலருடைய கணக்கு உடைவது மளிகையில் அல்ல, சீரில்தான்.

எழுத்துக்கும் ஒரு கணக்குப் போடலாம். 60,000 சொல் நாவலுக்கு நாளைக்கு 500 சொல், வாரம் ஐந்து நாள் என்றால் முதல் வரைவுக்கே 24 வாரம் ஆகும். திருத்தி எழுதக் குறைந்தது இன்னொரு அந்த அளவு. ஒரு வருஷத்துக்குக் குறைவான கையிருப்போடு நாவலைத் தொடங்குவது சரியில்லை. சிறுகதை எழுதுங்கள்.

“நிலம் இருக்கிறதே”

ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா என்பதில் தொடங்கி, குறுவை அறுப்பில் மழை, 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டியதால் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கும் நெல் என்று அந்த வருமானத்துக்கு ஆயிரம் நிபந்தனை. கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணம் கொடுத்துப் புத்தகம் போடுவது

எத்தனை பேர் இதில் விழுந்தாலும் அடுத்தவர் வந்து விழுகிறார். நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

நடப்பது இப்படி. பி.எஃப். பணம் கணக்கில் ஏறியிருக்கும். முகநூலில் எழுதிய கவிதைகள் எழுபது எண்பது கையில் இருக்கும். “தொகுப்பு அருமை, ஆனால் கவிதை விற்பதில்லை சார், நீங்களும் கொஞ்சம் பங்களிப்புச் செய்தால் ஜனவரிக்குள் கொண்டுவந்துவிடலாம்” என்று ஒரு பதிப்பகம் சொல்லும். இவர் காசோலை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் இனிப்புக் கொடுப்பார்.

எடுத்துக்காட்டுக்கு 300 பிரதி, விலை 150 ரூபாய், கேட்ட பங்களிப்பு 45,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு 150 ரூபாய் ஆகிறது, அதாவது அட்டையில் போட்ட அதே விலை. கடைக்குக் கழிவு 35 சதவீதம் கொடுத்தால் பிரதிக்கு 97 ரூபாய் 50 காசு கைக்கு வரும். 300-உம் விற்றுத் தீர்ந்தாலும் 29,250-தான் திரும்பும், 15,750 நட்டம். தீரவும் தீராது. நண்பர்களுக்குக் கொடுத்தது போக மீதி பரண் ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டு வீட்டுப் பரணில் புத்தகக் கட்டு என்ன கதியாகும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் ஏறி அட்டை சுருளும், பிறகு கரையான். மாதம் 15,000 செலவுள்ள வீட்டுக்கு அந்த 45,000 மூன்று மாத எழுத்துக் காலம்.

காசு போனதுகூடப் பரவாயில்லை. அச்சுச் செலவை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள், ஆனால் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். பதிப்பகத்தின் பெயரில் இருக்கும். அரசு நூலகங்களுக்குப் பிரதி வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் பணம் அவர்களுக்குப் போகும். உள்பக்கத்தில் உரிமை யாருக்கு என்று போட்டிருக்கிறது என்பதைப் பாதிப்பேர் பார்ப்பதே இல்லை. “எல்லா உரிமைகளும் நிரந்தரமாக” என்று கையெழுத்துப் போட்டிருந்தால் மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் அதில் அடங்கிவிடலாம்.

சட்டம் எழுத்தாளர் பக்கம் ஓரளவு நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். நிரந்தரம் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த ஐந்தாண்டுப் பாதுகாப்பு உதவாது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை சில. எத்தனை ஆண்டு? அச்சு நூல் மட்டுமா, மற்றவையும் சேர்த்தா? ராயல்டி அட்டை விலையிலா, கழிவு போன தொகையிலா? பெரும்பாலும் பேசப்படுவது அட்டை விலையில் 10 சதவீதம். நூலக ஆணைப் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா? விற்பனைக் கணக்கு எந்த மாதம் தருவார்கள்? பதில் வாய்வார்த்தையாகவே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சொந்தக் காசில்தான் போடுவேன் என்று தீர்மானித்துவிட்டால் முழுக்க நீங்களே போடுங்கள். ஐ.எஸ்.பி.என். பெறக் கட்டணம் கிடையாது, தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். அச்சகத்தில் காகிதம், அட்டை, பைண்டிங், பக்க வடிவமைப்பு என்று பிரித்து விலை கேளுங்கள். அச்சகத்தில் பக்கங்களை ஃபாரம் ஃபாரமாகத்தான் அடிப்பார்கள், ஒரு ஃபாரம் 16 பக்கம், ஆகவே 68 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு 80 பக்கக் காகிதம் போகும். நாலு பக்கத்தைக் குறைத்து 64-இல் முடியுங்கள். குறைக்க ஒரு கவிதைகூட இல்லை என்று சொல்கிறவர் தொகுப்பை இன்னொரு முறை படிக்கலாம். முதலில் 100 பிரதி போதும்.

வீட்டில் சும்மா இருக்கிறவர்

ஊரில் பகலில் வீட்டில் இருக்கும் ஆம்பிளை என்றால் வேலை இல்லாதவர் என்றுதான் பொருள். “தம்பி, சும்மாத்தானே இருக்கே, அத்தையைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடேன்” என்று ஆரம்பிக்கும். பிறகு ஈ.பி. பில், கொள்முதல் நிலையத்தில் காவல், கல்யாணப் பத்திரிகை. பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம், வேலையை விட்டது சமையலுக்குத்தான் என்று வீடே முடிவுகட்டிவிடும். எழுத்தைப் பற்றி விளக்கம் சொல்லிப் பயனில்லை. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வீட்டில் இருக்காதீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். வெளியே போகிற ஆளை யாரும் ஏவுவதில்லை.

சோற்று வேலையைக் கேவலமாக நினைப்பது

தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தார். ந. பிச்சமூர்த்தி வக்கீல், அப்புறம் அறநிலையத் துறையில் நிர்வாக அதிகாரி. இந்தக் காவிரிக்கரை எழுத்து முழுநேர எழுத்தாளர்களால் மட்டும் வந்ததல்ல. பிழைதிருத்தமும் மொழிபெயர்ப்பும் எடுத்துச் செய்யலாம். பக்கத்துக்கோ சொல்லுக்கோ விலை பேசி, பாதியை முன்பணமாக வாங்குங்கள். அதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் வேண்டாம்.

எழுதியதை அன்றே முகநூலில் போடுவது

பல போட்டிகளும் இதழ்களும் வெளிவராத படைப்புகளையே ஏற்கின்றன. முகநூலில் வந்ததையும் வெளிவந்ததாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாமினியில் தட்டச்சு

பாமினி பழைய எழுத்துரு, அது இல்லாத கணினியில் எழுத்து குழம்பித் தெரியும். எங்கும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாறுங்கள்.

சான்றுகளை வாங்காமல் வருவது

பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கோபத்தில் விட்டுவிட்டு வந்தால் இரண்டு வருஷம் கழித்துக் கேட்கும்போது அந்த மேனேஜரே மாறியிருப்பார். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் அதிலுள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்பதைக் கடைசி நாளுக்கு முன்பே பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால் பணம் நிற்கும்.