வேறொருவர் வளர்த்த தோட்டம் உங்கள் கைக்கு வந்தால்

வீடு மாறியபோது வீட்டோடு ஒரு தோட்டமும் சேர்ந்து வந்தது. முன்பு அங்கே இருந்த அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அதுவரை நான் தொட்டிச் செடிகள் மட்டும்தான் வைத்திருந்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மதில் ஓரமாக வெறுமனே கிடந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்தேன். நாலாவது வெட்டில் வெள்ளையாக ஏதோ அறுபட்டது. குனிந்து எடுத்துப் பார்த்தால், விரல் தடிமனில், நடுவில் வளைந்து இரண்டு பக்கமும் நீண்ட கிழங்கு. பக்கத்திலேயே இன்னும் நாலைந்து. செங்காந்தள்.

அதற்குக் கலப்பைக்கிழங்கு என்று ஏன் பெயர் வந்தது என்று கையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மழை வந்ததும் கொடி எழும், பூக்கும், காய்க்கும். அப்புறம் தரைக்கு மேலே ஒன்றும் தெரியாதபடி காய்ந்து, அடியில் கிழங்கு மட்டும் தூங்கும். முளை வருவது கிழங்குக் கரத்தின் நுனியில்தான். நுனியை வெட்டிவிட்டால் அந்தத் துண்டு திரும்ப முளைக்காது. நான் வெட்டியது பெரும்பாலும் நுனிகளைத்தான்.

அதனால் புதிதாக ஒரு பழைய தோட்டத்தைக் கையில் எடுப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு மழை, ஒரு குளிர், ஒரு கோடை, எல்லாம் ஒரு சுற்று வந்து போகும் வரை எதையும் தோண்டாதீர்கள், எதையும் வேரோடு பிடுங்காதீர்கள். காலியாகத் தெரியும் இடம் காலியாக இருக்க வேண்டும் என்றில்லை.

சரி, ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருப்பதா? இல்லை, வேலை நிறைய இருக்கிறது. முன்பு இருந்தவரைத் தொடர்புகொள்ள முடிந்தால் உடனே பேசிவிடுங்கள். “தோட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. எது ஒட்டுச்செடி, எது விதையில் வந்தது? கோடையில் எதற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்? மண்ணுக்கு அடியில் குழாய் எங்கே போகிறது? எந்தச் செடி அங்கே வளராமல் செத்துப்போனது? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் உங்களுக்கு நிறைய செலவை மிச்சப்படுத்தும். பேச வழியில்லை என்றால், ஒரு தாளில் தோட்டத்தை வரைந்துகொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்பதையும் அந்தத் தாளிலேயே குறியுங்கள்.

மண்ணைத் தெரிந்துகொள்ள இரண்டு சோதனை போதும். மரங்களின் வேரிலிருந்து தள்ளி, முன்பு எதுவும் நடாத இடம் என்று உறுதியாகத் தெரிந்த மூலையில் ஓர் அடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்பிக் கவனியுங்கள். மணிக்கு ஓர் அங்குலமோ கொஞ்சம் கூடவோ இறங்கினால் நல்லது. மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே வேர் அழுகும். இரண்டாவது சோதனைக்கு, கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிஷத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களிமண் படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். எந்த அடுக்கு தடிமனாக இருக்கிறதோ, உங்கள் மண்ணின் குணம் அதுதான்.

இனி கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது. ஆசையும் ஆபத்தும் அதிகம் உள்ள வேலை இது.

தோட்டத்து ஆரஞ்சு மரத்தில் மற்ற கிளைகள் எல்லாம் சோர்ந்து கிடக்க, ஒரே ஒரு கிளை மட்டும் நேராக, பளபளவென்று, இரண்டு மாதத்தில் என் உயரத்துக்கு வந்துவிட்டது. மரம் தேறிவிட்டது என்று நினைத்து, மற்றவற்றை வெட்டி இதற்கு இடம் கொடுக்கப் போனேன். நல்லவேளை, வெட்டும் முன் அடியில் போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு லேசாக வளைந்து முடிச்சிட்டிருந்தது. முடிச்சுக்கு மேலே பட்டை ஒரு நிறம், கீழே வேறு நிறம். ஒட்டுக் கட்டிய இடம் அது. அந்தப் பளபளப்பான கிளை முடிச்சுக்குக் கீழே இருந்து வந்திருந்தது. இலை வேறு மாதிரி, முள்ளும் நீளம். அது ஆரஞ்சே இல்லை, ஆரஞ்சை ஒட்டுவதற்காக அடியில் வைத்த வேர்ச்செடியின் கிளை. விட்டுவைத்தால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் மட்டும் வளரும். ரோஜாவிலும் இதே கதைதான். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை இளசாக இருக்கும்போதே கிளம்பும் இடத்தோடு ஒடித்து எடுங்கள்.

காய்ந்தது போலத் தெரியும் கிளையையும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டிப் பார்த்து, பச்சை தொடங்கும் இடம் வரை வெட்டுங்கள். முதல் வருஷம் காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவை மட்டும் போதும். தடித்த கிளையானால் முதலில் ஓர் அடி தள்ளி அடிப்பக்கமாகக் கொஞ்சம் அறுத்து, அப்புறம் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுங்கள். கனம் இறங்கிய பிறகு மிச்சக் கட்டையை எடுக்கலாம். இல்லையென்றால் விழும் கிளை தண்டுப் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போலத் தடித்திருக்குமே, அதை வெட்டாமல் விடுங்கள். காயம் ஆறுவது அங்கிருந்துதான்.

பூக்கும் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். மல்லிகை புதுத் தளிரில் மொட்டு வைக்கும், வெட்டினால் நல்லது. மா முற்றிய கிளையின் நுனியில் பூக்கும். பூக்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் நுனியை வெட்டினால் அந்த வருஷக் காய் போச்சு. மாவை அறுவடை முடிந்த கையோடு வெட்டுங்கள்.

செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருப்பதைப் பார்த்ததும் மருந்து தேடி ஓடாதீர்கள். ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கிட்டே இருந்து பாருங்கள். சில வெள்ளைப் பூச்சிகள் மற்றவற்றைவிடப் பெரிதாக, நீள நீளமான மெழுகு இழைகளோடு, சுறுசுறுப்பாக ஊர்ந்தால், அவை மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுக்கள். மருந்தடித்தால் அவையும் சாகும். எறும்பு வரிசையையும் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பு ஏறும் வழியைத் தடுத்துவிட்டு, பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

களைகளில் கோரை மட்டும் தனி ரகம். பிடுங்கினால் தழை கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கித் திரும்ப முளைக்கும். ஈரமான நாளில் களைக்கொத்தியால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், அதுவும் பல தடவை. தோண்டாதே, பிடுங்காதே என்று சொன்னதற்குக் களைகள் விலக்கு. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள். அரளியை வெட்டினால் அந்தக் குச்சிகளை எரிக்காதீர்கள், புகையும் விஷம். செங்காந்தளும் முழுக்க விஷம், கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள். மரங்களில் பழைய கம்பியோ கயிறோ கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டைக்குள் இறங்கும் முன் அவிழ்த்துவிடுவது ஒரு நிமிஷ வேலை.

அடுத்த மழைக்கு மதில் ஓரத்தில் மூன்று கொடிகள்தான் எழுந்தன. முதல் பூ விரிந்ததும் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “அதுக்கு இடது பக்கம் ரெயின் லில்லி கிழங்கும் இருக்கும்மா. இலை தெரியலைன்னு கொத்திடாதே.”