இளவேனிலில் மேட்டுப்பாத்தி அமைக்கும் முறை

வீட்டுத் தோட்டத்தில், தரைமீது பலகைச் சட்டம் அமைத்து உள்ளே மண் நிரப்பும் மேட்டுப்பாத்தியை அமைக்க நினைப்பவர்களில் பலர், கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியைப் பலகைக்கே செலவழித்துவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு மண் வாங்குகிறார்கள். உண்மையில் செலவு செய்ய வேண்டிய இடம் மண்தான். சட்டத்தின் வேலை மண்ணைச் சரியவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. விளைச்சலைத் தீர்மானிப்பது உள்ளே நிரப்பும் கலவையும் அதற்குக் கீழே கிடக்கும் பழைய நிலமுமாகும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இளவேனில் நம்மை ஏமாற்றக்கூடும். இலையுதிர்க்கும் மரங்கள் அப்போது மொட்டையாக நிற்பதால், வெயில் நிறைய விழுவதாகத் தோன்றும் இடம், மரம் தழைத்ததும் முழு நிழலாகிவிடும். ஆகவே அருகிலுள்ள மரம் தழைத்திருக்கும் காலத்தை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி போன்ற காய்ச்செடிகளுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர நேரடி வெயில் தேவை. கீரை வகைகள் 4 மணி நேரத்திலும் ஓரளவு தேறிவிடும்.

பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது என்பதே இந்த முறையின் அடிப்படை. மிதிபட்ட மண் இறுகி, காற்றும் நீரும் புக இடமில்லாமல் போய்விடும். அதனால்தான் இரு பக்கமும் நின்று வேலை செய்யக்கூடிய பாத்தியின் அகலம் 120 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறோம். சுவரை ஒட்டிய பாத்தியென்றால் 60 சென்டிமீட்டர் போதும். நீளம் அவரவர் வசதி. உயரத்தைப் பொறுத்தவரை, கீரைக்கு 20 சென்டிமீட்டரும், கேரட், முள்ளங்கி போன்றவற்றுக்கு 30 சென்டிமீட்டரும் போதுமானவை. அடியில் உள்ள நிலம் நல்ல நிலமாக இருந்தால் வேர் அதற்குள்ளும் இறங்கிக்கொள்ளும். இரண்டு பாத்திகளுக்கு நடுவே குறைந்தது 45 சென்டிமீட்டர் நடைபாதையும், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி போக வேண்டுமானால் ஏறத்தாழ இருமடங்கு இடமும் விட வேண்டும்.

பலகை 4 சென்டிமீட்டர் தடிமனாவது இருப்பது நல்லது. மெலிந்த பலகை ஈர மண்ணின் கனத்தில் வெளிப்பக்கமாகப் பிதுங்கிவிடும். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் எனும் நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும் என்பதாலும், பழைய மருந்தேற்றிய பலகைகள் சிலவற்றில் ஆர்செனிக் எனும் நஞ்சு இருக்கும் என்பதாலும், உணவுப்பயிர் வளரும் பாத்திக்கு அவற்றைத் தொடாமல் இருப்பதே சரி. சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளைப் பிரித்துப் பயன்படுத்துவதானால் அவற்றின் மீதுள்ள முத்திரையைப் பாருங்கள்: 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பமூட்டிப் பதப்படுத்தியது, எடுக்கலாம், 'எம்.பி.' என்றிருந்தால் மெதைல் புரோமைடு எனும் நச்சு வாயுவால் புகையூட்டியது, வேண்டாம். மூலைகளில் சதுரக் கட்டை வைத்துத் திருகாணியால் முடுக்கியபின், எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரு குறுக்களவுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று பொருள். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான பக்கங்களின் நடுவில் ஒரு முளை அடித்துத் தாங்குகொடுக்கவும். ரசமட்டம் வைத்துச் சட்டத்தை மட்டப்படுத்தாவிட்டால், ஊற்றும் தண்ணீர் எப்போதும் ஒரே ஓரத்தில் போய்த் தேங்கும்.

அடிநிலத்தைத் தயாரிப்பதற்கு முன் அது வேலைக்கு ஏற்ற பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி உருட்டி, விரலால் குத்திப் பாருங்கள். உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். களிமண் உருண்டைபோல் வழவழப்பாகக் குழிந்தால் இன்னும் சில நாள் காய வேண்டும். ஈர நிலத்தைக் கிளறினால் அது கட்டிகட்டியாக இறுகி, அந்தப் பருவம் முழுதும் தொல்லை கொடுக்கும். பதம் வந்ததும் புல்லை ஒட்ட வெட்டி, கடப்பாரையால் ஆங்காங்கே குத்தி நெம்பித் தளர்த்தி, ஒட்டுநாடாவும் கம்பிப்பின்னும் நீக்கிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று 15 சென்டிமீட்டர் ஏறும்படி பரப்பி, நன்றாக நனையுங்கள். களை அடியிலேயே வெளிச்சமின்றி மடியும்; அட்டையும் நாளடைவில் மட்கிப்போகும்.

வடிகாலுக்கென்று அடியில் ஜல்லி போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது பயனற்றது மட்டுமல்ல, கெடுதலும்கூட. மண்ணின் நுண்துளைகளில் பிடித்து நிற்கும் நீர், அந்த மண்ணின் கடைசி அடுக்கு முற்றிலும் நிறையும்வரை கீழேயுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. விளைவாக, ஜல்லிக்கு மேலேயே நீர் தங்கி, வேர் இருக்கும் இடம் ஊறிக் கிடக்கும். புதுமண் பழைய நிலத்தின் மீது நேரடியாகப் படிய வேண்டும்.

240 சென்டிமீட்டர் நீளம், 120 அகலம், 30 உயரம் கொண்ட பாத்திக்கு 864 லிட்டர் கலவை பிடிக்கும். மேல்மண் பாதிக்குச் சற்று அதிகமாகவும், மட்கிய உரம் மூன்றில் ஒரு பங்கு அளவிலும், மீதி தென்னைநார்த் தூள் போன்று பொலபொலப்பு தரும் பொருளாகவும் இருக்கலாம். உரத்தை மட்டுமே கொட்டி நிரப்பினால் சில மாதங்களில் பாத்தி வெகுவாக அமுங்கலாம். மட்காத மரத்தூளைக் கலந்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். பச்சைச் சாணம் இளவேனில் பாத்திக்கு ஏற்றதல்ல. மண்ணைத் தொடும் விளைபொருளை, மட்காத எரு இட்டு 120 நாள் ஆவதற்குமுன் பறிக்கலாகாது என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி, கீரையோ அதற்குள் முற்றிவிடும்.

வெளியிலிருந்து வாங்கும் உரத்தில் களைக்கொல்லியின் எச்சம் இருக்கக்கூடும். மேய்ச்சல் நிலத்தில் தெளித்த சில மருந்துகள், மாட்டின் வயிற்றையும் உரக்குழியையும் தாண்டியும் செயலிழப்பதில்லை. எனவே பாத்தியில் கொட்டுமுன் இரண்டு மூன்று தொட்டிகளில் அந்த உரம் கலந்த மண்ணிலும், இன்னும் இரண்டு மூன்றில் உரமில்லாத மண்ணிலும் பீன்ஸ் விதையை ஊன்றி வையுங்கள். மூன்று வாரத்துக்குள் உரத்தொட்டியில் மட்டும் இளந்தளிர் கிண்ணம்போல் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டால், அந்த உரத்தைத் தொடாதீர்கள்.

நிரப்பியபின் முழுவதும் நனைத்து, ஒரு வாரம் ஆறவிட்டு, அமுங்கிய அளவுக்கு மீண்டும் கலவை சேர்க்கவும். மேட்டுப்பாத்தி தரையைவிட விரைவில் சூடேறும். அதே விரைவில் காய்ந்தும் போகும். விதைப்புக்கு நாட்காட்டியை நம்புவதைவிட, காலையில் மண்ணுக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது மேல். பாலக் கீரை, பட்டாணி, லெட்டூஸ் ஆகியவை 7 பாகை செல்சியசிலேயே முளைக்கத் தொடங்கும். பீன்சுக்கும் தக்காளி நாற்றுக்கும் 15 பாகையாவது வேண்டும். வெள்ளரி, பூசணி வகைகள் 18 பாகைக்கு மேல்தான் சுகமாக வளரும். மண் சூடேறுவதற்குள் மூடாக்கு இட்டால் அது குளிரையே உள்ளே பூட்டிவைக்கும். ஆதலால் நாற்று ஒரு சாண் உயர்ந்தபின், வைக்கோலையோ காய்ந்த சருகையோ 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.