பூச்சிக்கு இரண்டு ‘சி’: அறியப்படாத புத்தகங்களைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருந்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறார். பூச்சி என்றால் அவருக்கு உயிர். “அக்கா, தமிழில் பூச்சிகளைப் பற்றிப் பழைய புத்தகமே இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்” என்றார். எப்படித் தேடினீர்கள் என்று கேட்டேன். கைப்பேசியை நீட்டினார். ஒரு வெளிநாட்டு நூலகத்தின் பட்டியல். தேடல் கட்டத்தில், வாட்ஸ்அப்பில் நாம் தட்டுகிற மாதிரியே ஆங்கில எழுத்தில் ‘பூச்சி’ என்று இருந்தது: பி, இரண்டு ஓ, சி, எச், ஐ. கீழே பூஜ்யம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் நான் செய்த அதே முட்டாள்தனம். எனக்கு அதற்குக் கிட்டத்தட்ட இருநூறு சிங்கப்பூர் வெள்ளி செலவானது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நான் நூலகரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆவண வேலை. உப்பு, மரம், கடிகாரம், கலங்கரை விளக்கம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புத்தகங்களைத் தேடிப் பிடிப்பது இருபது வருடப் பழக்கம். அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள், வாங்கியதைப் படியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘சிறந்த நூறு’ பட்டியலில் தொடங்குவது

அந்த நூறும் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த நூறு. அடுத்தது.

எடுக்கப் போன புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவது

சிங்கப்பூரின் பொது நூலகங்களில் புனைவல்லாத நூல்களுக்கு டூயி தசமப் பகுப்பு எண் இருக்கும். மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட முறை. அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரை அடுக்கிவைக்கிறது. இதில் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று.

நல்லது, நீங்கள் தேடிப்போன நூலுக்குப் பக்கத்தில் அதன் உறவுக்காரர்கள் நிற்பார்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு போய், புத்தகத்தை உருவிக்கொண்டு இரவல் பதியும் தானியக்க இயந்திரத்துக்கு ஓடிவிடாதீர்கள். இடப்பக்கம் ஒரு கை அகலம், வலப்பக்கம் ஒரு கை அகலம் பாருங்கள். என் வீட்டில் நான் மிகவும் விரும்பி வைத்திருக்கும் நூல்களில் பாதியை நான் முதலில் தேடிப்போகவே இல்லை. அவை பக்கத்து வீட்டுக்காரர்கள்.

கெட்டது, ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் நாலு மூலைக்குச் சிதறிக் கிடக்கும். உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தில் வெட்டும் கனிமமாக அது 553-இல் இருக்கும். உணவுத் தொழில்நுட்பமாக 664-இல் இருக்கும். 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தாரே, அந்த உப்பு இந்திய வரலாற்றோடு 954-இல் இருக்கும். நம் தம்பியின் பூச்சிகளும் அப்படித்தான். விலங்கியலாக 595, பயிரைத் தின்னும் பூச்சியாக 632, தேனீயும் பட்டுப்புழுவும் வேளாண்மையோடு சேர்ந்து 638. ஒரே அலமாரியைப் பார்த்துவிட்டு ‘அவ்வளவுதான்’ என்று வந்துவிட்டால் தேனீக்கள் எல்லாம் தப்பித்துவிடும்.

‘தேடினேன், வரவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படிப்பது

இதுதான் அந்த இருநூறு வெள்ளி.

உப்பளத் தொழில் பற்றிய ஒரு பழைய தமிழ்ப் புத்தகம். மெலிந்த நூல், பல வருடங்களாக மறுபதிப்பு இல்லை. தலைப்பின் முதல் சொல் ‘ச’-வில் தொடங்கும். இங்கே இருக்கும் ஒரு நூலகத்தின் பட்டியலில் ஆங்கில எழுத்தில் தட்டிப் பார்த்தேன். எஸ் போட்டேன். இல்லை. டி-க்குப் பின்னால் எச் சேர்த்தேன், எடுத்தேன், ‘ழ’-வுக்கு இசட் எச் போட்டேன். இல்லை. சரி, சிங்கப்பூரில் இல்லை என்று முடிவு கட்டினேன். வட்டத்தில் கேட்ட மூன்று பேரிடமும் அதையே அடித்துச் சொன்னேன். அப்புறம் சென்னையில் ஒருவரைப் பிடித்து, நகலெடுக்கும் கூலி, அவருக்குத் தரகு, கூரியர் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து வரவழைத்தேன். வந்த கட்டில் பன்னிரண்டு பக்கங்கள் இல்லை. ஒரு பக்கத்தில் நகலெடுத்தவரின் கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது. வரைபடம் இருந்த பக்கம் அது.

இரண்டு வருடம் கழித்து, வேறு எதையோ தேடும்போது அதே பட்டியலில் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. முழுப் பிரதி. வேலைக்குப் போகும்போது தினமும் பேருந்தில் நான் கடந்துபோகிற கட்டடத்தில் இருந்தது. தலைப்பை எழுதியிருந்த விதத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: எஸ் இல்லை, சி.

விளக்குகிறேன். உலகின் பெரிய நூலகங்கள் பலவற்றில் பழைய தமிழ் நூல்களின் பதிவுகள் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. கணினியில் தமிழ் எழுத்துக்கு ஒழுங்கான இடம் கிடைக்காத காலத்தில் செய்த வேலை அது. யூனிகோடில் தமிழ் சேர்ந்ததே 1991-இல்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அமெரிக்க நூலகச் சங்கமும் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறையைத்தான் பலரும் பின்பற்றினார்கள். அந்த முறை ஒலியைப் பார்க்காது, எழுத்தைத்தான் பார்க்கும். நாம் ‘க’-வைக் காகத்தில் ஒரு மாதிரியும் தங்கத்தில் இன்னொரு மாதிரியும் சொல்கிறோம். அதற்கு இரண்டுமே கே. ‘த’ எங்கே வந்தாலும் டி, ‘ப’ எங்கே வந்தாலும் பி. ‘ச’ எப்போதும் ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்தான சி.

ஆகவே சமையல் எஸ்-இல் இல்லை, சி-யில். சிங்கப்பூரும் சி-யில்தான், அதிலும் ஜி வராது, கே வரும். காந்திக்கும் பாரதிக்கும் எச் கிடையாது. பாரதி பி-ஏ-ஆர்-ஏ-டி-ஐ, அவ்வளவுதான். பூச்சி பி-யு-சி-சி-ஐ. ஆமாம், இரண்டு சி. நெட்டெழுத்துக்கு மேல் கோடும் ‘ட’, ‘ண’ போன்றவற்றுக்குக் கீழே புள்ளியும் இருக்கும். தேடும்போது பெரும்பாலும் அவற்றை விட்டுவிடலாம். ‘ழ’-வுக்கு வெறும் எல் போதும், இசட் எச் எல்லாம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு. ஜ, ஸ, ஷ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் தனித்தனி எழுத்து உண்டு. அதனால் ‘ஜோதிடம்’ ஓர் இடத்திலும் ‘சோதிடம்’ வேறோர் இடத்திலும் இருக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

ஆட்களின் பெயரில் இன்னொரு கூத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பட்டியலுக்கு அது வேண்டும். உ.வே.சா.வைத் தேடினால் ‘சாமிநாதையர்’ முதலில் வரும், காற்புள்ளி, அப்புறம்தான் உ.வே. அந்தச் சாமிநாதையரும் சி-யில்தான்.

எழுத்து சரியாக இருந்தாலும் சொல் தவறாக இருக்கலாம். இன்று நாம் வரலாறு என்பது அன்று சரித்திரம். புவியியல் அன்று பூகோளம். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தன் குழுவோடு மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1875-இல் வந்த வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘கெமிஸ்தம்’. ‘வேதியியல்’ என்று நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் தலைப்பில் அது சிக்காது. சொற்புணர்ச்சியையும் மறக்கக் கூடாது. 1887-இல் இங்கே அச்சான சதாசிவ பண்டிதரின் நூலைச் ‘சிங்கை நகர் அந்தாதி’ என்று பிரித்துத் தேடலாம், ‘சிங்கைநகரந்தாதி’ என்று சேர்த்தும் தேடலாம். கணினிக்குச் சந்தி தெரியாது. அதற்கு அவை இரண்டு வேறு புத்தகங்கள்.

என் வழக்கம் இது: முதலில் தமிழ் எழுத்திலேயே தேடுவேன். பிறகு எழுத்துக்கு எழுத்து ரோமனில். பிறகு பழைய சொல்லில். பிறகு ஆசிரியர் பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் வைத்து. இவ்வளவுக்குப் பிறகும் வராவிட்டால் நூலகரிடம் போய்க் கேட்பேன். அப்போதும் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்வேன்.

தம்பியின் கைப்பேசியில் இரண்டு சி போட்டுத் தட்டினோம். பட்டியல் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

கடைசிப் பக்கங்களைப் படிக்காமல் மூடுவது

ஒரு நல்ல புத்தகத்தை எழுதியவர் குறைந்தது ஐம்பது புத்தகங்களைப் படித்திருப்பார். அந்த ஐம்பதின் பெயரையும் கடைசியில் சும்மா எழுதிவைத்திருப்பார். அதைவிட நல்ல பரிந்துரை எங்கே கிடைக்கும்?

இங்கே சிங்கப்பூரின் தாவரவியல் தோட்டமான பூமலையில் உதவி இயக்குநராக இருந்த கார்னர், மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940-இல் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். உயர்ந்த மரங்களின் மாதிரிகளைப் பறித்துவரக் குரங்குகளைப் பழக்கிய மனிதர். அவரைத் தேடிப் போன வழியில், வேறொரு மர நூலின் மேற்கோள் பட்டியலில்தான் பர்க்கில் என்ற பெயர் எனக்கு அகப்பட்டது. 1912 முதல் 1925 வரை அதே பூமலையின் இயக்குநர். மலாய்த் தீபகற்பத்தின் பயன்படுபொருள்களுக்கு 1935-இல் ஓர் அகராதி கொண்டுவந்திருக்கிறார், அதுவும் இரண்டு பெருந்தொகுதிகள். எந்தச் செடியை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதை அகர வரிசையில் சொல்லிக்கொண்டே போகிறார். அகராதி என்றுதான் பெயர். கேம்பிர் என்ற செடி என்ன என்று பார்க்கத் திறந்தால் ராத்திரிச் சோறு ஆறிப்போகும்.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் இன்னொரு சௌகரியம் உண்டு. பின்னட்டையிலும் கடைசித் தாளிலும் ‘எங்கள் பிற வெளியீடுகள்’ என்று விலையோடு போட்டிருப்பார்கள். நான் அந்தத் தாளைத்தான் முதலில் படிப்பேன்.

ஒரே களஞ்சியத்தோடு நிறுத்திக்கொள்வது

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 முதல் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையத்தளம் 2005 முதல். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் ஐம்பது ஆண்டுப் படைப்புகளைச் சமூகத்தினரும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து 2015-இல் மின்மயமாக்கினார்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து வளர்ந்தது அது. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாலையும் பாருங்கள்.

அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்பது

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகளுக்குள் நுழைந்திருக்கிறீர்கள் அல்லவா? இன்று பார்த்த புத்தகம் மறுவாரம் அங்கே இருக்காது.

அரியதெல்லாம் நல்லது என்று நம்புவது

சில புத்தகங்களை யாரும் படிக்காததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. என்னிடம் அப்படிப் பதினொன்று இருக்கின்றன. வேண்டுமென்றால் சொல்லுங்கள், இலவசமாகவே தருகிறேன்.

‘இரவல் கிடையாது’ என்றதும் கீழே இறங்கிவிடுவது

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் 7-ஆம் மாடியிலிருந்து 13-ஆம் மாடி வரை லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். அங்கே இருப்பதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விடுகிறார்கள். கீழே இருப்பதைத்தான் எல்லாரும் படிக்கிறார்களே! அறியப்படாதவை மேலேதான் இருக்கின்றன. சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். பென்சிலும் ஒரு குறிப்பேடும் போதும். ஆனால் ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள், மத்தியானத்துக்கு மேல் அந்தக் குளிரில் விரல் விறைத்துப் பக்கம் புரளாது.