தத்தெடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போகும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தை எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் சேர்த்தது. முதலாண்டு மாணவர் கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே வீடுகளுக்குப் போக வேண்டும். பல ஊர்களில் இது படிவம் நிரப்பி, போட்டோ எடுத்து, பஸ் ஏறுவதோடு முடிந்துவிடுகிறது.

முதல் சிக்கல் நேரம். கல்லூரி பஸ் பத்து, பத்தரைக்குத்தான் ஊருக்குள் வரும். அதற்குள் நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் ஆட்கள் போயிருப்பார்கள். வீட்டில் இருக்கும் முதியவர்களை மட்டும் அளந்துவிட்டு, ‘ஊரில் பாதிப் பேருக்கு பிரஷர்’ என்று ரிப்போர்ட் எழுதினால் அது ஊரைப் பற்றிய கணக்கு ஆகாது. விடுபட்டவர் பெயர்களைப் படிவத்திலேயே குறித்துவைத்து, சில வருகைகளையாவது மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைக்க வேண்டும். இது மாணவர் கையில் இல்லை. கல்லூரியின் சமூக மருத்துவத் துறைதான் பஸ்ஸுக்கும் ஆசிரியருக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லாமல் போய் இறங்குவது அடுத்த தவறு. சமவெளியில் அவர் பணிபுரியும் துணை சுகாதார நிலையம் ஒன்றுக்கு சுமார் 5,000 பேர் என்பது கணக்கு. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு ஊசி விட்டுப்போனது என்பதெல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும். முதல் நாள் அவரோடு நடந்து போனால் கதவுகள் எளிதில் திறக்கும்.

எட்டுப் பேர் வெள்ளைக் கோட்டோடு ஒரு திண்ணையைச் சூழ்ந்து நிற்க வேண்டாம், இருவர் போதும். மாதவிடாய், குடிப்பழக்கம் போன்ற கேள்விகளை மாமியார் முன்னால் மருமகளிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.

அதிகம் கெடுவது அளவீட்டில். வெயிலில் நடந்து வந்தவரைத் திண்ணையில் கால் தொங்க உட்காரவைத்து உடனே பிரஷர் பார்த்தால் எண் ஏறித்தான் காட்டும். முதுகுக்குச் சாய்மானமுள்ள நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பாதம் தரையில், கை இதய மட்டத்தில், ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கட்டும். அரை மணி நேரத்துக்குள் டீயோ பீடியோ ஆகியிருந்தால் காத்திருங்கள். கைப்பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை புஜத்தின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். சிறிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். 140/90 வந்தால் இன்னொரு நாளும் பார்க்காமல் ‘உங்களுக்கு பிரஷர் இருக்கு’ என்று சொல்லக்கூடாது. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் தாமதமே கூடாது. உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

விரல்நுனி ரத்தத்திலும் இப்படித்தான். ஸ்பிரிட் காயும் முன் குத்துவதும், துளி வரவில்லையென்று விரலைப் பிழிவதும் ரத்தத்தை நீர்க்கச் செய்து அளவைக் குழப்பும். ‘காபி மட்டும்தான் குடிச்சேன்’ என்பவர் வெறும் வயிற்றில் இல்லை; கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டார் என்று எண்ணின் பக்கத்திலேயே எழுதுங்கள். குத்திய ஊசிகளைக் குத்துப்படாத டப்பாவில் போட்டுக் கல்லூரிக்கே கொண்டுவர வேண்டும். குழந்தையின் புஜச் சுற்றளவைச் சட்டைக்கு மேல் எடுக்காதீர்கள். இடது புஜத்தின் நடுவே, நாடா சதையை அமுக்காமல். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு.

‘மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்பார்கள். மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி மீதியை எண்ணுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வந்தாலும், அது டப்பாவிலேயே கிடக்கலாம். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பயிற்சி.

சாம்பிள் மாத்திரை கொடுப்பதும், ‘எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க, எல்லாம் ஃப்ரீ’ என்று தெரியாமல் வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். அளந்த எண், தேதி, எங்கே போக வேண்டும் என்பதை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்து, செவிலியரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை புதுப் படிவத்தை எடுக்கும் முன் அந்தச் சீட்டைக் கேளுங்கள். கடைசி வருகையன்று, பாதியில் நிற்கும் சிகிச்சைகளின் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கைக்குப் போயிருக்க வேண்டும்.