மாமரத்தடி வெறும் மண்ணில் செலாஜினெல்லா பரப்புவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய மாமரம் இருக்கிறது. அதன் அடியில் புல் பிடிக்காது. இரண்டு தடவை புல் வாங்கிப் பதித்துப் பார்த்தோம். மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. இன்றைக்கு அந்த இடம் முழுக்க கோரைப்பாய் விரித்தது போல ஒரு பச்சை படர்ந்து கிடக்கிறது. செலாஜினெல்லா க்ரவுசியானா என்ற செடி அது. நம் நேட்டால் காடுகளின் தரையில் தானாகவே வளர்வது. 1839-40 இல் இந்தப் பக்கம் வந்து செடிகள் சேகரித்த க்ரவுஸ் என்ற ஜெர்மானியரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

பார்த்தால் பாசி போல இருக்கும், ஆனால் பாசி இல்லை. இதற்கு உண்மையான வேரும், நீர் ஏறும் குழாய்களும் உண்டு. பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. அதனால் விதைப் பாக்கெட் தேடி அலைய வேண்டாம். துண்டு போட்டுத்தான் வளர்க்க வேண்டும். நாட்டுச் செடிகள் விற்கும் நர்சரியில் ஒரு சிறு தொட்டி வாங்கினால் போதும்; யாராவது தெரிந்தவர் தோட்டத்தில் இருந்தால் ஒரு கைப்பிடி கேளுங்கள். காப்புக்காட்டில் இருந்து மட்டும் பிடுங்கி வராதீர்கள். அது சட்டத்துக்கும் எதிர், காட்டுக்கும் கேடு. இந்தச் செடியைப் போலவே, மலைப்பக்கம் வளரும் லைக்கோபோடியம் என்ற வேறொரு செடியையும் ஆங்கிலத்தில் கிளப் மாஸ் என்றே சொல்வார்கள். அது மண்ணில் உள்ள பூஞ்சைகளை நம்பி வாழ்வது; பெயர்த்து நட்டால் பெரும்பாலும் செத்துவிடும். அதைத் தொட வேண்டாம்.

இடமும் நேரமும்

காலையில் இலைகளின் ஊடே கொஞ்சம் வெளிச்சம் விழலாம், மதிய வெயில் கூடாது. மா, லிச்சி, அவகாடோ, நாவல் இனத்து நாட்டு மரமான உம்டோனி என எந்த மரத்தடியும் சரிதான். செப்டம்பர் கடைசியில் இருந்து நவம்பர் வரை நடுங்கள். அதற்கு முன் அவசரப்பட வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டில் இருந்து சூடாக வீசும் பெர்க் காற்று புதிதாக நட்ட துண்டுகளை ஒரே பகலில் கருக்கிவிடும். எனக்கு முதல் வருடம் அப்படித்தான் மொத்தமும் போனது.

மண்

புல், களை எல்லாவற்றையும் கையால் எடுங்கள். மண்வெட்டி போட்டுக் கொத்தாதீர்கள், மரத்தின் வேர் அறுபடும். மேல் 3 செ.மீ. மண்ணை மட்டும் கைக்கொத்தால் இளக்கினால் போதும். டர்பனின் பல பகுதிகளில் உள்ள சிவப்பு மணல் தண்ணீரை நிறுத்தாது. ஆகவே மக்கிய இலையைச் சலித்து, ஒரு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, மண்ணோடு கலந்துவிடுங்கள். ரசாயன உரம் எதுவும் வேண்டாம்.

நடுவது

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். இந்தச் செடியின் தண்டு கவட்டை கவட்டையாகப் பிரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு கவட்டையில் இருந்தும் நூல் மாதிரி ஒன்று கீழே இறங்கி, மண்ணைத் தொட்டதும் வேர் விடும். வேர்தாங்கி என்று அதைச் சொல்வார்கள். அந்தக் கவட்டைகள் ஈர மண்ணை ஒட்டிக் கிடந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். மற்ற செடிகளின் தண்டைப் போல மண்ணுக்குள் ஆழமாகச் செருகினால் இலையெல்லாம் அழுகிவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த ஒரு இடத்தில்தான்.

எனவே 8 அல்லது 10 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கவட்டையாவது இருக்கும்படி துண்டுகளைக் கிள்ளிக்கொள்ளுங்கள். மண்ணை முதலில் நன்றாக நனையுங்கள். துண்டுகளைப் படுக்க வைத்து, சாண் இடைவெளிக்கும் சற்றுக் குறைவாக வரிசை மாற்றி மாற்றி வையுங்கள். சலித்த மக்கை மேலே மெல்லத் தூவுங்கள். நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அப்புறம் உள்ளங்கையால் அழுத்துங்கள். இட்லி மாவைத் தொடுகிற மாதிரி இல்லை, சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி. சரிவான இடமென்றால் மெல்லிய கம்பியைக் கொண்டை ஊசி போல வளைத்து அங்கங்கே குத்தி நிறுத்தலாம். கடைசியாகப் பூவாளியால் தண்ணீர் விடுங்கள். ஹோஸ் பைப்பை நேராகத் திறந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

பிறகு

முதல் மூன்று வாரம் தினமும் காலையில் தண்ணீர் விட வேண்டும். மழை பெய்த நாளில் தேவையில்லை. துண்டை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். மண் பிடித்து நிறுத்தினால் வேர் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை போதும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டர்பனில் மழை குறைவு, அந்த மாதங்களில் மறக்கக் கூடாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உறைபனி விழும் இடங்களில் நுனி பழுப்பாகலாம். பிடுங்கி எறிய வேண்டாம், வெயில் காலம் வந்ததும் உள்ளிருந்து துளிர்க்கும்.

மாவிலை விழுந்து மூடினால் அடியில் உள்ளது அழுகும். வாரம் ஒருமுறை கையாலேயே பொறுக்கிவிடுங்கள், வாருகோல் பட்டால் பாயே கிழிந்து வரும். மிதிபடுவதையும் இது தாங்காது. துணி காயப் போட அந்த வழியாக நடப்பவர்கள் இருந்தால் நான்கு தட்டைக் கல் போட்டுவிடுங்கள். நடுநடுவே கிளிவியா என்ற பூச்செடி வைத்தால் மிக அழகாக இருக்கும். அதுவும் இந்தக் காட்டுச் செடிதான்.

பிடித்துக்கொண்ட பிறகு ஓரங்களில் நீண்டு வரும். கத்தரித்து, அந்தத் துண்டுகளையே அடுத்த இடத்துக்குப் பயன்படுத்துங்கள். ஆக்லாந்தில் குடியேறிய என் தங்கை படத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு அனுப்பச் சொன்னாள். நான் அனுப்பவில்லை. நியூசிலாந்துக் காடுகளில் இதே செடி தரையை மூடி, அங்குள்ள மரக்கன்றுகளை முளைக்க விடாமல் அமுக்கிவிடுகிறது. அங்கே இதை விற்பதற்கும் பெருக்குவதற்கும் தடை இருக்கிறது. அவள் ஊர்க் காட்டில் எந்தப் பெரணி வளர்கிறது என்று அங்குள்ள நர்சரியில் கேட்டு, அதை நடச் சொன்னேன்.